இலவச டிக்கெட் வாங்கப் போய் 25,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம்

தீம் பார்க்குக்கு நான்கு டிக்கெட் இலவசம், கணவனும் மனைவியுமாகக் கன்னியாகுமரியில் இன்ன ஓட்டலுக்கு வாருங்கள் என்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் போகாதீர்கள். போய்த்தான் தீருவோம் என்றால் கடன் அட்டையை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். நேரம் இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியை எழுதுவதற்குக் காரணம், நான் பேராசையால் ஏமாந்தேன் என்று என் மாமியார் உட்பட எல்லோரும் நினைப்பதுதான். அதில் பாதிதான் உண்மை.

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கணக்கு டீச்சரே ஏமாந்துவிட்டாரா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்.

ஆரம்பம் நாகர்கோவிலில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசல். பில் போட்டு வெளியே வரும்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பையன், "அக்கா, ஒரு கூப்பன் பூர்த்தி செய்து கொடுங்கள், குலுக்கலில் பரிசு விழும்" என்றான். வெயிலில் நின்றுகொண்டிருந்தான். பாவம் என்று எழுதிக் கொடுத்தேன். பெயர், செல்பேசி எண், வயது, திருமணம் ஆனதா, சொந்தக் கார் உண்டா, கடன் அட்டை உண்டா. பரிசுக் குலுக்கலுக்குக் கடன் அட்டை எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அழைத்து வாழ்த்துச் சொன்னாள். கொச்சிப் பக்கம் இருக்கும் பெரிய தீம் பார்க்குக்கு நான்கு பேருக்கும் நுழைவுச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஓட்டலுக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் ஒரு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும். "வாங்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை மேடம்." ஆனால் இருவரும் சேர்ந்து வரவேண்டும், ஏதாவது ஒரு வங்கி அட்டையை 'அடையாளத்துக்கு' எடுத்து வரவேண்டும்.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அதைத் தீர்த்து வைத்தவர் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கும் என் கொழுந்தன். அங்கே ஆர்லாண்டோவில் இது வெகுகாலமாக நடக்கும் வியாபாரமாம். டைம்ஷேர், அதாவது விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்பவர்கள் காலைச் சாப்பாடு போட்டு, ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு டிஸ்னி டிக்கெட்டைப் பாதி விலைக்கோ சும்மாவோ கொடுப்பார்களாம். அவரும் ஒருமுறை போய், வாங்காமலே டிக்கெட்டோடு வெளியே வந்திருக்கிறார். "மயினி, அவர்கள் எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்" என்றார். அருமையான அறிவுரை. அதை அன்று மாலை ஐந்து மணிக்குள் மறந்துவிட்டேன்.

கார்த்திகை மாதம். கன்னியாகுமரி முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். காரை நிறுத்த இடம் தேடி அலைந்து, நாங்கள் உள்ளே நுழையும்போதே நான்கேகால். பிள்ளைகள் இருவரையும் வண்ணம் தீட்டும் இடம் என்று தனி அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, எதிரே ஒரு விற்பனையாளர். பாட்டு காதைப் பிளந்தது. கடல் பக்கத்துச் சன்னல்கள் அத்தனையிலும் கனத்த திரை. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த கூடத்தை வாடகைக்கு எடுத்துவிட்டுத் திரை போட்டு மூடுகிறவன் எதற்காக மூடுகிறான் என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும். பொழுது சாய்வது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது.

எங்கள் மேசைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வந்தவுடன் டீ, பப்ஸ், ஏத்தங்காய் சிப்ஸ். "சாப்பிடுங்கள் அக்கா, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்." ஊர், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் அக்கறையாக விசாரித்தாள். தன் அப்பா இறந்ததைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. முக்கால் மணி நேரம் விற்பனைப் பேச்சே இல்லை. கடைசியாகக் குடும்பத்தோடு எங்கே போனீர்கள் என்று கேட்டாள். திற்பரப்பு அருவி என்றார் என் கணவர். "அண்ணா, அது உங்கள் வீட்டு முற்றம். சுற்றுலாவா அது?" என்று சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது என்பதை இப்போது சொல்கிறேன்.

பிறகு தாள் வந்தது. வருடம் சுற்றுலாவுக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள்? நாங்கள் யோசிப்பதற்குள் அவளே 30,000 என்று எழுதினாள். விலைவாசி வருடத்துக்கு 7 சதவீதம் ஏறினால் 25 வருடத்தில் மொத்தம் கிட்டத்தட்ட 19 லட்சம். மனதுக்குள் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரி. அங்கேதான் விழுந்தேன். பெருக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த கணக்கு டீச்சர், பெருக்கப்படும் எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. நாங்கள் நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறை தேக்கடிக்குப் போனவர்கள். வருடம் 30,000 நாங்கள் செலவழித்ததே இல்லை.

அவர்கள் விற்பது இதுதான்: 25 வருடத்துக்கு, வருடம் 7 இரவுகள், அவர்களுடைய விடுதிகளில் தங்கும் உரிமை. முதலில் சொன்ன விலை 4,75,000. என் கணவர் தலையாட்டி மறுத்ததும் கோட்டு போட்ட ஒரு மேலாளர் வந்து 3,60,000 என்றார். அதுவும் வேண்டாம் என்றதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. மேலாளர் யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு, ஒருவர் ரத்துசெய்த உறுப்பினர் சேர்க்கை ஒன்று இருக்கிறது, 2,40,000, இன்று இரவு மட்டும் என்றார். இடையிடையே மணி அடிக்கும். ஒலிபெருக்கியில் ஒரு தம்பதியின் பெயரைச் சொல்லி, "நம் குடும்பத்தில் புதிதாக இணைகிறார்கள்" என்பார்கள். எல்லோரும் கை தட்டவேண்டும்.

ஏழு மணிக்கு மேல் பிள்ளைகளுக்குப் பசி. எழுந்து போயிருக்கலாம், கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் மூன்று மணி நேரம் நமக்காகப் பேசிய பெண், நாம் தின்ற பப்ஸ், அவள் அழுத கண்ணீர். ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு முகத்தை முறித்துக்கொண்டு எழுந்து வந்து எங்களுக்குப் பழக்கம் இல்லை. அவர்கள் பிடித்தது எங்கள் ஆசையை அல்ல, இந்த மரியாதையை. முன்பணம் 25,000 மட்டும் இப்போது, மீதி மாதத் தவணை என்றார்கள். என் அட்டையைத் தேய்த்தார்கள். வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதிப் படிவத்திலும் கையெழுத்து. எங்களுக்கும் மணி அடித்தார்கள். வெளியே வந்தபோது எட்டேகால். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இரவு வீட்டில் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் பதினான்கு பக்கம். கூப்பனில் ஒரு நிறுவனப் பெயர், ரசீதில் வேறு பெயர், ஒப்பந்தத்தில் மூன்றாவது பெயர். வழக்கு நடப்பதால் எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை.

வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் 12,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 14,160. போனாலும் போகாவிட்டாலும் கட்டவேண்டும். ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு 2,000 ரூபாய்க்கு மேல், பராமரிப்புக்கு மட்டும். இந்தக் கட்டணத்தை நிறுவனம் வருடந்தோறும் உயர்த்தலாம் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பெண் எங்கள் செலவுக்குப் போட்ட அதே 7 சதவீதக் கணக்கை இதற்குப் போட்டேன். 25 வருடத்தில் ஏறத்தாழ 9 லட்சம். எங்கள் பக்கம் மட்டும் விலைவாசி ஏறும், அவர்கள் பக்கம் ஏறாது என்பது போலப் போட்ட கணக்கு அது. இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். 2,40,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்புநிதியில் போட்டால் வருடம் 16,800 வரும். ஓர் இரவுக்கு 2,400 ரூபாய் அறையில் ஏழு இரவு தங்கலாம், முதலும் அப்படியே இருக்கும். மூன்று மணி நேரத்தில் நான் போடாத இந்தக் கணக்கைச் சமையலறை மேசையில் பத்து நிமிடத்தில் போட்டேன்.

அடுத்து நிறம். வருடத்தைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்திருந்தார்கள். மே மாதம், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் சிவப்பு. எங்களுக்கு விற்றது நீலம், அதாவது பெரும்பாலும் மழைக்காலம். நான் ஆசிரியை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஜூலை மாதத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டா நான் குடகுக்குப் போவது? வாய்மொழியாகச் சொன்ன எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. "எப்போது வேண்டுமானாலும் போகலாம் அக்கா" என்பது அந்த வரியில் காணாமல் போயிற்று.

அந்த டிக்கெட்டா? உறையில் இருந்தது டிக்கெட் அல்ல, டிக்கெட்டுக்கு விண்ணப்பிக்கும் கூப்பன். செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும் செல்லும். பள்ளி விடுமுறையில் செல்லாது. ஒரு டிக்கெட் காசு கொடுத்து வாங்கினால் ஒன்று இலவசம். ஒவ்வொரு இலவச டிக்கெட்டுக்கும் 1,499 ரூபாய் பதிவுக் கட்டணம். அறுபது நாளில் காலாவதி. விடியற்காலை பரசுராம் ரயிலில் ஏறிக் கொச்சிக்குப் போகவேண்டும் என்று பை வரை எடுத்து வைத்திருந்த என் இளையவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து நீச்சல் உடையை மட்டும் எடுத்து மடித்து வைத்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். வங்கிக்குப் போய்த் தவணை அனுமதியையும் நிறுத்தினேன். அதனால் மீதி 2,15,000 தப்பியது. முன்பணம் நிர்வாகக் கட்டணம், திரும்பக் கிடையாது என்று பதில் வந்தது. கொழுந்தனிடம் சொன்னபோது, ஃபுளோரிடாவில் கையெழுத்திட்ட பின்பும் பத்து நாளுக்குள் ரத்து செய்யச் சட்டமே உரிமை தருகிறது என்றார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. அங்கேயிருந்து டிக்கெட் தந்திரத்தை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறார்கள், அந்தப் பத்து நாளைக் கொண்டுவரவில்லை.

ஆனால் ஒரேயடியாகக் கையை விரிக்கவேண்டியதும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கொடுக்கும் எண்ணம் இல்லாமல் பரிசு தருவதாக அறிவிப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையும் கேள்வி கேட்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு நிறுவனத்திலிருந்து ஒருவர் மிகப் பணிவாக அழைத்து, 25,000 ரூபாய்க்குப் பதிலாக மூன்று இரவு தங்கும் கூப்பன் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, என் கணவர் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். நிறுவனத்தின் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். கூப்பன், உறை, ரசீது, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி என்று எதையும் எறியாதீர்கள். அந்தப் பெண் 30,000 என்று எழுதிப் பெருக்கிய தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், மாணவர் தாளைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தில். இப்போது அதுவும் என் சான்றுகளில் ஒன்று.

எழுத நினைத்தது இன்னொரு காரணத்துக்காகவும். அன்று எங்கள் பக்கத்து மேசையில் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். எங்களுக்கு முன்பே அவர்களுக்கு மணி அடித்தது. முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டியதாக ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி கூச்சத்தோடு திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் பலமாகக் கை தட்டினேன். அதைப் பார்த்து என் கணவரும் தட்டினார். அவர்களோ, அவர்களைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால், இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.