கோவையின் பூச்சி அருங்காட்சியகமா, திருவரங்கத்தின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவா?

பிள்ளைகளுடன் ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், முதலில் வானத்தைப் பாருங்கள். திருவரங்கத்துப் பூங்கா (2015) காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கரில் விரிந்த திறந்தவெளி. வெயிலில் சிறகைச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் வண்ணத்துப்பூச்சி பறக்கும். மேகமூட்டமான நாளில் போனால் செடிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காலை பத்து மணி வாக்கில் போவது நல்லது. சின்னக் குழந்தைகள் ஓடியாட இதைவிடத் தோதான இடம் கிடையாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்கு (2018) மழையும் வெயிலும் ஒன்றுதான். ஊசியில் குத்தி அடுக்கிய வண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் கண்ணருகே வைத்துக் கால்களை எண்ணலாம். ஆறு கால் இருந்தால் பூச்சி. எட்டுக் கால் சிலந்தி அந்தக் கணக்கில் சேராது. பறக்கும் பூச்சியிடம் இந்தப் பாடம் நடக்காது, அது நிற்க வேண்டுமே! பயிரைத் தின்னும் பூச்சி எது, அதைத் தின்று உழவருக்கு உதவும் பூச்சி எது என்ற பேச்சுக்கும் இதுவே ஏற்ற இடம். எட்டு வயதைத் தாண்டிய, கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளை என்றால் கோவைக்கே என் ஓட்டு. கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவர்கள் திருவரங்கம் போகலாம்.