பாம்பன்ல போர்டு இல்லாத மெஸ் வீடு: வயசானவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இந்த எடத்துக்கு பேரும் கெடையாது போர்டும் கெடையாது, மேப்புல தேடுனா வராது. பாம்பன்ல எறங்கி தெற்குவாடி போற வழியில "மெஸ் அக்கா வீடு எங்க"ன்னு கேட்டா சின்னப்புள்ள கூட கை காட்டும். கீழ மெஸ், மாடில ரெண்டு ரூம், அவ்ளோதான். ரூம் ஒரு நாளைக்கு 1500 ரூபா, சாப்பாடு தனி, மீன் சாப்பாடு 150. நாங்க அஞ்சு நாள் இருந்தோம்.

நாங்கன்னா யாருன்னு சொல்லணும், இல்லாட்டி நான் ஏன் இவ்ளோ நீளமா எழுதுறேன்னு புரியாது. எனக்கு சொந்த ஊர் தங்கச்சிமடம், ஆறு வருஷமா கனடாவுல வின்னிபெக்ல இருக்கேன், ஒரு பிலிப்பைன்ஸ்காரங்க வீட்டு பேஸ்மெண்ட்ல வாடகைக்கு. வீட்டுக்காரருக்கு 79, அவரு சம்சாரத்துக்கு 76. தெருவே அவங்கள லோலோ, லோலான்னு தான் கூப்பிடும், தாத்தா பாட்டின்னு அர்த்தம், நானும் அப்படியே. 1970கள்ல வின்னிபெக் தையல் ஃபேக்டரிங்களுக்கு பிலிப்பைன்ஸ்ல இருந்து நெறைய பொண்ணுங்கள வேலைக்கு எடுத்தாங்க, லோலா அப்படி வந்தவங்க. வந்து எறங்குன அன்னைக்கு மைனஸ் 30, கால்ல செருப்புன்னு நூறு தடவ சொல்லிருப்பாங்க. லோலோ பின்னாடி வந்து ஸ்கூல்ல க்ளீனிங் வேலை. அவங்க லெய்டே தீவு, அவரு போஹோல் தீவு, ரெண்டு பேருமே கடல்கரை புள்ளைங்க, அம்பது வருஷமா கடலே இல்லாத ஊர்ல இருக்காங்க.

என் ரூம்ல இருந்த வேளாங்கண்ணி மாதா படத்த பாத்துட்டு லோலா ஒரு நேர்ச்சை வச்சுட்டாங்க. முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா வர்றேன்னு. முடிஞ்சுது, வந்துட்டாங்க. வேளாங்கண்ணி முடிச்சு எங்க ஊரையும் பாக்கணும்னு சொன்னாங்க, எங்க வீட்டுலயோ மராமத்து வேலை, பாத்ரூம்ல தரையே இல்ல. ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ் புக் பண்ணேன், பேர் வேணாம், வெளிநாட்டு பாஸ்போர்ட்ட பாத்ததும் சி ஃபாரம் (வெளிநாட்டு ஆளு தங்குறத சர்க்காருக்கு தெரிவிக்கிறது) போடணும், எங்களுக்கு லாகின் இல்லன்னு கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. வெயில்ல ரெண்டு பெருசுங்க பெட்டியோட நிக்குதுங்க. என் சித்தப்பா தான் போன் போட்டு இந்த அக்கா வீட்ட சொன்னாரு. அக்கா பையன் மொபைல்லயே அந்த ஃபாரத்த போட்டு முடிச்சுட்டான், 24 மணி நேரத்துக்குள்ள போடணும் அவ்ளோதான் விஷயம், வெளிநாட்டு ஆளுங்கள கூட்டிட்டு போறவங்க இத கேட்டுட்டு போங்க.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன், ஏன்னா இந்த வீட்டோட அருமையே அதுல தான் இருக்கு.

மொத நாள் நான் தான் பயந்துபோய், காரம் கொறச்சு வைங்கக்கா, பிரட் ஆம்லெட் இருந்தா கூட போதும்னு சொன்னேன். அக்கா என்ன ஒரு பார்வ பாத்துட்டு, "அத விடு தம்பி, இவுக சின்னப்புள்ளயில என்ன சாப்பிட்டாகன்னு கேட்டு சொல்லு"ன்னாங்க. ஆறு வருஷத்துல நான் ஒரு நாள் கூட அந்த கேள்விய கேட்டதில்ல, வெக்கமா போச்சு. லோலோ சிரிச்சுட்டே ஒரே வார்த்தை சொன்னாரு, புலாட். கருவாடு! வின்னிபெக்ல புலாட் பொரிச்சா பக்கத்து வீட்டுல நாத்தம்னு கம்ப்ளெயிண்ட் வரும்னு குளிர்ல கூட கராஜ்ல கரண்ட் அடுப்பு வச்சு, கோட்டு போட்டுக்கிட்டு பொரிப்பாரு மனுஷன். இங்க அக்கா சூடைக் கருவாட்ட அடுப்படியிலயே பொரிச்சு தட்டுல கொண்டாந்து வச்சாங்க, ஒருத்தரும் மூக்க பொத்தல. ஸ்பூன் ஃபோர்க் கேப்பாங்கன்னு நான் தேடிட்டு இருக்கேன், திரும்பி பாத்தா லோலா கைய கழுவிட்டு ஒக்காந்து சோத்த அஞ்சு வெரலால உருட்டி பெருவெரலால வாய்க்குள்ள தள்ளுறாங்க, எங்க அப்பத்தா சாப்பிடுற மாதிரியே. லோலோ வெனிகர் மட்டும் கேட்டாரு கருவாட்டுக்கு தொட்டுக்க, அது அக்கா கிட்ட இல்ல, பையன் போய் கடையில வாங்கிட்டு வந்தான்.

மறுநாள் காரப்பொடி மீன பச்சமொளகா மஞ்சள் கொஞ்சம் புளி போட்டு தண்ணியா ஒரு ஆணம், அதாவது கொழம்பு, கூட முருங்கக்கீரை. லோலா ஆணத்த ஒரு வாய் குடிச்சுட்டு சினிகாங்ன்னாங்க, அவங்க ஊர்ல புளி போட்டு வைக்கிற புளிப்பு சூப்பு அது. கீரைய பாத்து லோலோ கமுங்காய்ன்னாரு. அக்காவுக்கு அவரு முருங்கைன்னு தான் தப்பா சொல்றாருன்னு நெனப்பு, திருத்தி திருத்தி சொல்லிக்குடுக்குறாங்க, அவரும் விடாம கமுங்காய் கமுங்காய்ங்குறாரு. அவங்க பாஷையில அதுக்கு பேரே அதான்னு நான் சொன்னப்புறம் தான் ரெண்டு பேரும் ஓஞ்சாங்க.

ஆப்பம் போட்ட அன்னிக்கு லோலா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, கிறிஸ்மஸுக்கு முன்னாடி டிசம்பர் 16ல இருந்து ஒம்பது நாள் விடியக்கால பூசை, இருட்டுல அம்மா எழுப்பி விடுவாங்களாம், தூங்கிக்கிட்டே நடந்து போறது, பூசை முடிஞ்சு வெளிய வந்தா கோயில் வாசல்ல வாழ இல போட்டு மேலயும் கீழயும் நெருப்பு வச்சு பிபிங்கா சுடுவாங்களாம், அரிசி மாவு தேங்காப்பால் பலகாரம், சில ஊர்ல மாவு புளிக்க தென்னங்கள்ளு ஊத்துவாங்களாம். நம்ம ஆப்பத்துக்கும் அந்த காலத்துல கள்ளு தானன்னு ஆச்சி உள்ள இருந்து கொரல் குடுத்துச்சு. பூசைக்கு போனதே அந்த பிபிங்காவுக்கு தான், மாதாவுக்கும் அது தெரியும்னு சொல்லி லோலா சிரிச்சாங்க.

ஆச்சின்னா அக்காவோட அம்மா, 84 வயசு. வந்த அன்னிக்கே ஒரு கூத்து நடந்துச்சு. லோலா நேரா போய் ஆச்சி கைய புடிச்சு இழுக்குறாங்க, ஆச்சி என்னமோ ஏதோன்னு கைய உருவுது, இவங்க விடல, குனிஞ்சு அந்த கையோட பின்பக்கத்த தன் நெத்தில வச்சுக்கிட்டாங்க. மானோன்னு சொல்லுவாங்க, பெரியவங்க கிட்ட ஆசீர்வாதம் வாங்குறது. வின்னிபெக்ல லோலாவுக்கு தான் எல்லாரும் செய்வாங்க, அவங்க யாருக்கும் செஞ்சு நான் பாத்ததில்ல, அவங்கள விட மூத்தவங்க யாரு அங்க இருக்காங்க. வெவரம் சொன்னதும் ஆச்சி லோலா நெத்தில ஒரு சிலுவ போட்டு விட்டுச்சு.

மூணாவது நாள் கடல்பாசி விஷயம். எங்க கரையில மூங்கில் கட்டி மெதக்க விட்டு பாசி வளக்குறாங்கல்ல, 45 நாள்ல அறுப்பாங்க, பெப்சி பாசின்னு கூட சொல்லுவாங்க, ஆரம்பத்துல அந்த கம்பெனி தான் கொண்டாந்துச்சு. பக்கத்து வீட்டு அக்காங்க ஈரப்பாசிய குவிச்சு காயப்போட்டுட்டு இருந்தாங்க. லோலோ கிட்ட போனாரு, ஒரு கொப்ப ஒடிச்சாரு, சட்டையில தொடச்சுட்டு நறுக்குன்னு கடிச்சாரு. "ஆத்தாடி, அத திங்கிறாகளே!"ன்னு ஒரு அக்கா வாயில கை வச்சுட்டாங்க. நம்ம ஆளுங்க யாரும் அத சாப்பிட மாட்டாங்க, காயவச்சு எடை போட்டு விக்கிறது தான், ஐஸ்கிரீம்ல டூத்பேஸ்ட்ல கெட்டியா நிக்கறதுக்கு அதுல இருந்து எடுக்குறது போகுது. ஆனா அந்த ரகமே பிலிப்பைன்ஸ் கடல் ரகம் தான், அது எனக்கு தெரியும், இவரு அத குசோன்னு சொல்லி சின்ன வயசுல சாலட் மாதிரி தின்னவருங்கிறது தெரியாது. மெஸ் அக்கா கொஞ்சமும் முகம் சுளிக்காம அடுப்படிய அவரு கையில குடுத்துட்டாங்க. வெந்நீர்ல ஒரு முக்கு, உடனே எடுத்து பச்சத்தண்ணி, அப்புறம் வெனிகர், சின்னவெங்காயம், இஞ்சி, பச்சமொளகா. நானும் சாப்பிட்டேன். நரநரன்னு இருக்கு, உப்பு. மோசமில்ல, ஆனா காசு குடுத்து வாங்கி சாப்பிடுவேனான்னு கேட்டா மாட்டேன்.

சாயங்காலம் கோயில் மணி அடிச்சா இந்த வீட்டுல டிவி ஆஃப். ஜெபம் முடியுற வரைக்கும் மெஸ்ஸுக்கு வந்தவங்க பத்து நிமிஷம் காத்திருக்கணும், அவசரமா சாப்பிட வர்றவங்களுக்கு இது கடுப்பா தான் இருக்கும், சொல்லி வைக்கிறேன். லோலா ஊர்லயும் ஆறு மணி மணிச்சத்தம் கேட்டா வெளையாடுற புள்ளைங்க எங்க இருந்தாலும் வீட்டுக்கு ஓடணுமாம், லேட்டா வந்தா அடி. ஆச்சி தமிழ்ல "அருள் நிறைந்த மரியே" சொல்ல, லோலா அவங்க பாஷையில பதில் சொல்ல, ஜெபமாலை மணி உருட்டுறதுல கணக்கு எங்கயும் தப்பல.

வண்டி அக்காவே சொல்லி விட்டாங்க, டிரைவர் நிதானமா ஓட்டுறவரு. ஓரியூர் ஒரு நாள். 1693ல அருளானந்தர்ங்கிற கிறிஸ்தவ பாதிரியாரோட தலைய வெட்டுன எடம், செம்மண்ண எல்லாரும் எடுத்துட்டு போவாங்கல்ல, லோலாவும் மாத்திரை டப்பாவுல கொஞ்சம் அள்ளிக்கிட்டாங்க. கதைய கேட்டுட்டு லோலோ, எங்க பக்கத்து பையன் ஒருத்தன் பெத்ரோ கலுங்சோத், உபதேசம் சொல்லிக்குடுக்க குவாம் தீவுக்கு போய் 1672ல ஈட்டியில குத்துப்பட்டு செத்தான், 2012ல தான் புனிதர் பட்டம்னு சொன்னாரு.

தனுஷ்கோடியில அந்த இடிஞ்ச சர்ச். 1964 டிசம்பர் புயல்ல போனது, எல்லாருக்கும் தெரியும். லோலோ செவுத்து கல்ல தடவி பாத்துட்டு, இது பவளப்பாறை கல்லு தானன்னாரு. அவரு ஞானஸ்நானம் வாங்குன லோவோன் ஊர் கோயிலும் அதே கல்லாம், 2013 அக்டோபர் 15 பூகம்பத்துல மொத்தமா விழுந்துருச்சு, வின்னிபெக்ல டிவில பாத்தாராம். அடுத்த மாசமே லெய்டேல பெரிய புயல், லோலா சொந்தக்காரங்க பக்கம். அந்த ரெண்டு மாசம் வீட்டுல யாரும் சரியா தூங்கலன்னாரு. இங்க அவரு சர்ச்சுக்குள்ள நின்ன நேரத்துல ஒருத்தன் செல்ஃபி எடுக்க நகரச் சொன்னான், நகந்துட்டாரு.

சரி, கொறைங்க. மாடிப்படி செங்குத்தா இருக்கு, கைப்பிடி கம்பி கெடையாது, முட்டி ஆபரேஷன் பண்ணவங்கள நான் ஒவ்வொரு தடவயும் பின்னாடி நின்னு தாங்கி ஏத்துனேன். குளிக்கிற தண்ணி உப்பு, சோப்பு நொரைக்கவே நொரைக்காது. ஏசி ஒரு ரூம்ல தான், அதுவும் கரண்ட் போனா போச்சு. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு, ஃப்ளஷ் ரெண்டு தடவ இழுக்கணும். ஞாயித்துக்கெழம மதியம் மெஸ் லீவு, மொதல்லயே சொல்லல, நாங்க பரோட்டா தேடி அலஞ்சோம். கடல் வியூ, பால்கனி, இன்ஸ்டா போட்டோ எல்லாம் எதிர்பாக்குறவங்க வேற எடம் பாத்துக்கோங்க, ஜன்னல தொறந்தா பக்கத்து வீட்டு வல தான் தெரியும்.

ரூம் கேக்கணும்னா சாயங்காலம் நாலு மணிக்கு மேல நேர்ல போங்க, காலைல அக்கா மீன் ஏலத்துல இருப்பாங்க. கெளம்புறப்ப லோலாவுக்கு ரெண்டு கிலோ சூடைக் கருவாடு மூணு கவர் சுத்தி குடுத்தாங்க, காசு வாங்கல. அதோட வாசன இன்னும் என் சூட்கேஸ்ல இருக்கு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒன்னு அந்த படிக்கட்டுக்காக கொறச்சது, கம்பி போட்டாச்சுன்னு அக்கா பையன் போட்டோ அனுப்புனா அன்னிக்கே மாத்திடுறேன்.