கூட்டாளியின் போருக்கு எவ்வளவு காலம் பணம்? மூன்று வழிகளும் நான் கை தூக்கிய வழியும்

திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டம் கூடினால் பெரும்பாலும் நூல்களைப் பற்றித்தான் பேச்சு. கடந்த கூட்டத்தில் தலைப்பு தடம் மாறியது. ஒரு நாடு தன் கூட்டாளி நாட்டின் போருக்கு எவ்வளவு காலம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று யாரோ கேட்க, உக்ரைனை வைத்து வாக்குவாதம் சூடுபிடித்தது. மூன்று கட்சிகள் உருவாயின. போர் முடியும்வரை வரம்பில்லாமல் கொடுக்கலாம் என்றது ஒன்று. இத்தனை ஆண்டு, இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதிவைத்து அதைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்றது இன்னொன்று. இன்றே நிறுத்தினால் இரு தரப்பும் பேச்சுக்கு வரும் என்றது மூன்றாவது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். நான் இரண்டாவது கட்சிக்குத் தூக்கினேன். காரணம் சொல்லும் முன்பே தேநீர் வந்துவிட்டதால் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கேயோ நடக்கும் போர், நமக்கென்ன என்று கேட்பவர்கள் சீனன்குடாப் பக்கம் ஒருமுறை போய் வரட்டும். அங்கே பிறீமா மா ஆலைக்குக் கோதுமை கப்பலில்தான் வருகிறது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்வாசிக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தவை. 2022 பெப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியபோது இலங்கையின் கஜானா ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது நம்மவர்களின் தவறான நிர்வாகத்தால்தான். ஆனால் பாண் விலை ஏறியதில் அந்தப் போருக்கும் பங்கு இருந்தது. ஆகவே இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல.

முதல் கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரம்பில்லாமல் கொடுப்பேன் என்று தலைவர்கள் சொல்லலாம். பணப்பெட்டியின் சாவி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜோ பைடன் தொடக்கத்தில் எவ்வளவு காலமானாலும் துணை நிற்போம் என்றார். 2023 டிசம்பரில் அது எங்களால் முடியும்வரை என்று சுருங்கிவிட்டது. 2022 இலிருந்து 2024 வரை காங்கிரஸ் ஐந்து சட்டங்கள் மூலம் ஏறத்தாழ 175 பில்லியன் டொலர் ஒதுக்கியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சண்டை பிடித்துத்தான் அது கிடைத்தது. 2023 ஒக்டோபரில் கேட்ட பணத்துக்குப் பிரதிநிதிகள் சபை 2024 ஏப்ரல் 20 அன்றுதான் தலையாட்டியது. இடைப்பட்ட மாதங்களில் உக்ரைன் பீரங்கிப் படை குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட்டது. பெப்ரவரியில் அவ்தீவ்கா நகரம் கைவிட்டுப் போனது. வாயால் காலவரையறை இல்லை, கையால் ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. என் பார்வையில் இதுதான் ஆக மோசமான கலவை.

என்னை இரண்டாவது கட்சிக்குத் தள்ளியது பராமரிப்பு. கூட்டத்தில் இதை யாரும் தொடவில்லை. ஆயுதத்தைக் கையளிக்கும் நாளில் படம் பிடிக்கிறார்கள்; மறுநாளிலிருந்து அந்த ஆயுதம் செலவு கேட்கத் தொடங்குகிறது. பீரங்கிக் குழாய் சில ஆயிரம் குண்டுகளுக்குள் தேய்ந்துவிடும். மாற்றுக் குழாய் இல்லையென்றால் குறி பிசகும், பிறகு அந்தப் பீரங்கி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். விமானத்துக்கு உதிரிப்பாகம், தொழில்நுட்பவியலாளர், பழுதுபார்க்கும் கூடம் என்று பட்டியல் நீள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தேவை அடுத்த ஆண்டும் பணம் வரும் என்ற உறுதி.

ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரைகளில் இதைக் கண்ணால் பார்த்தோம். கண்ணாடியிழைப் படகுகளும் எஞ்சின்களும் இலவசமாக வந்து இறங்கின. சில எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் கொழும்பிலேகூடக் கிடைக்கவில்லை. எஞ்சின் நின்றுபோன நாளோடு படகை மணலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து வலை பொத்தினார்கள். கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் நிறம் மங்காமல் நின்றது.

குண்டு விடயமும் இப்படித்தான். 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் பத்து இலட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது ஏறத்தாழப் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. மனம் இருந்தது, பணமும் இருந்தது. வார்த்துக் கொடுக்க ஆலை போதவில்லை. போருக்கு முன் அமெரிக்கா 155 மில்லிமீற்றர் குண்டுகளை மாதம் 14,000 அளவில்தான் செய்துகொண்டிருந்தது. அதை ஓர் இலட்சமாக்க இலக்கு வைத்தார்கள். அதற்கே ஆண்டுக்கணக்கில் அவகாசம் தேவைப்பட்டது. ஆறு மாதக் கட்டளையை நம்பி எந்த ஆலை முதலாளி புதிய இயந்திரம் வாங்குவார்? மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தால் கட்டடம் எழும்பும், ஆள் சேர்ப்பார்கள், குண்டின் விலையும் இறங்கும். அதே பணம், காலம் எழுதிக் கொடுத்ததால் மட்டும் கூடுதல் வேலை செய்கிறது.

இந்த வழிக்கு நடைமுறை உதாரணமும் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 2027 வரை உக்ரைனுக்கு 50 பில்லியன் யூரோ என்று ஒரே மூச்சில் தீர்மானித்தது. முந்தைய டிசம்பரில் ஹங்கேரி மறித்திருந்த தீர்மானம் அது. அதில் 33 பில்லியன் கடன், 17 பில்லியன் நன்கொடை. சீர்திருத்தம் நடந்தால்தான் தவணை விடுவிக்கப்படும். சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டிய ஒரு நிதியமைச்சு இதை வைத்து வரவுசெலவுத் திட்டம் போடலாம். மறுபக்கம் 2025 மார்ச்சைப் பாருங்கள். வெள்ளை மாளிகையில் ட்ரம்புக்கும் உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கிக்கும் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்துக்குப் பிறகு அமெரிக்க இராணுவ உதவி ஒரு வாரமளவுக்கு நிறுத்தப்பட்டு, சவூதியின் ஜித்தாவில் இரு தரப்பும் பேசிய பின் மீண்டும் திறக்கப்பட்டது. வாரம் சிறியதுதான். ஆனால் ஒருமுறை மூடிய குழாயை நம்பி யாரும் நாற்று நடமாட்டார்கள்.

மூன்றாவது கட்சிக்குத்தான் எங்கள் ஊரில் ஆதரவு அதிகம், அதற்கு நியாயமும் இருக்கிறது. எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, வெளியிலிருந்து காசு வந்தபடியால்தான் இந்த மண்ணில் போர் அத்தனை காலம் நீண்டது. காசு நின்றால் துவக்கும் நிற்கும்.” பிள்ளையைப் புதைத்தவர் சொல்வதை எதிர்த்து உடனே வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர் சொன்னது இரு தரப்பின் காசும் ஒரே நாளில் நின்றால் மட்டுமே சரிவரும். வியட்நாமைப் பாருங்கள். 1973 ஜனவரியில் அந்தப் போரை நிறுத்தப் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தான பின்பு அமெரிக்கக் காங்கிரஸ் தென்வியட்நாமுக்கான இராணுவ உதவியைப் படிப்படியாக வெட்டியது. 1975 நிதியாண்டுக்குக் கிடைத்தது 700 மில்லியன் டொலர். எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் வேறு. தெற்கில் குண்டுக்கும் எரிபொருளுக்கும் பங்கீடு வந்தது. வடக்குக்குச் சோவியத்தும் சீனாவும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. ஒரு பக்கத்துத் துவக்கு நின்றது, அவ்வளவுதான்.

அவர்கள் பக்கத்தின் பலமான உதாரணம் ஆப்கானிஸ்தான். இருபது ஆண்டில் ஏறத்தாழ 88 பில்லியன் டொலரை அமெரிக்கா அந்நாட்டுப் படைக்குக் கொட்டியும் 2021 ஓகஸ்ட் 15 அன்று தலைநகர் காபூல் சண்டையே இல்லாமல் தலிபான்களிடம் கைமாறியது. ஊழலும், தோஹாவில் ஆப்கான் அரசை வெளியே நிறுத்திவிட்டு அமெரிக்கா தலிபான்களுடன் செய்த உடன்பாடும் முக்கிய காரணங்கள். ஆனால் அங்கேயும் விமானங்களைப் பழுதுபார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் பெட்டி கட்டியதும் விமானப்படை முடங்கத் தொடங்கியது. நின்று பிடிக்கத் தெரியாத படைக்குக் காலவரையறை எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கடனா நன்கொடையா என்ற கிளைச் சண்டையும் நடந்தது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தைத் தாக்கின. சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் விமானம் மோதி எரிந்த ஒன்றின் எச்சம் இன்றும் கிடக்கிறது. அன்று இங்கிருந்த பிரித்தானியா அமெரிக்கத் தளவாட உதவியோடுதான் போரை நடத்தியது. 1945 இல் போர் முடிந்த கையோடு அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அதைச் சட்டென்று நிறுத்த, பிரித்தானியா 3.75 பில்லியன் டொலர் கடன் வாங்கி, அதன் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தது. பாதி அழிந்த உக்ரைன் அப்படிக் கட்டும் என்று எண்ணுவது கடினம். 2025 டிசம்பரில் ஐரோப்பியத் தலைவர்கள் 2026, 2027 ஆண்டுகளுக்கு 90 பில்லியன் யூரோ வட்டியில்லாக் கடன் தர இணங்கியபோது, ரஷ்யா நட்டஈடு கொடுத்தால் மட்டுமே உக்ரைன் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். பெயர் கடன், உள்ளே நன்கொடை.

நான் கை தூக்கிய வழியிலும் ஓட்டை இருக்கிறது. காலம் எழுதிக் கொடுத்த உதவிக்கு ஆகப் பெரிய உதாரணம் உக்ரைன் அல்ல, இஸ்ரேல். 2016 இல் அமெரிக்கா செய்த உடன்படிக்கை 2019 தொடங்கிப் பத்து ஆண்டுக்கு 38 பில்லியன் டொலர். காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோதும் அந்தத் தவணை தன்பாட்டில் ஓடியது. பராமரிப்புக்கு வசதியான அதே உறுதி, கேள்வி கேட்கும் தருணத்தையும் தள்ளிப்போட்டுவிடுகிறது. அதனால் பத்து ஆண்டு என்பது எனக்கு ஒப்பாது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம். பொதுமக்களைக் கொன்றால் தவணை நிற்கும் என்ற நிபந்தனையும் உள்ளே இருக்க வேண்டும். ஆனால் அந்த நிபந்தனையை யார் அளப்பது, யார் நிறுத்துவது என்பதில் என் வாதம் பலவீனமானதுதான்.

இன்னொன்றும் உண்டு. நான் கொடுக்கும் நாட்டில் வரி கட்டுபவன் அல்ல. டொரொன்டோவில் இருக்கும் அக்காவின் மகன் கட்டுகிறான். தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னபோது, “மாமா, வீட்டு வாடகையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்” என்றான். இரண்டு ஆண்டுக்கு அவனுக்குச் சம்மதம். அதற்கு மேல் என்றால் எந்தச் செலவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று வரவுசெலவுத் திட்டத்தில் தனியாக எழுதிக் காட்ட வேண்டும் என்கிறான். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் சேர்ப்பது ஒன்றுதான்: நீடிப்பதா நிறுத்துவதா என்ற வாக்கெடுப்பைத் தவணை தீர்வதற்கு ஓராண்டு முன்பே வைத்துவிட வேண்டும். ஐரோப்பியப் பணம் இரண்டும் 2027 உடன் தீர்கின்றன. குண்டு ஆலைகள் அடுத்த கட்டளையை எதிர்பார்ப்பது அதற்கு வெகு முன்பே.