பத்துப் பேர் ஆகிவிட்டால் ஏறுவதா, இறங்குவதா?

போன மே மாதம் புதுச்சேரியில் ஒரு கால்பந்து டோர்னமென்ட். ஆட்டம் தொடங்கி 22-ஆவது நிமிடத்தில் எங்கள் ஸ்டாப்பர், அதாவது பின்னால் நடுவில் நின்று தடுப்பவன், ரெட் கார்டு வாங்கினான், நாங்கள் பத்துப் பேர் ஆனோம். கோலை நோக்கித் தனியாக ஓடிக்கொண்டிருந்தவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டான். ரெஃப்ரியைச் சொல்லிக் குற்றமில்லை, நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஸ்கோர் 0-0. பக்கத்தில் நின்ற துணைக் கோச் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்தக் காலத்தில் ஸ்டாப்பராக ஆடியவர். பையன் மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் சொல்லிவிட்டார்: “மாஸ்டர், ஒரு ஃபார்வர்டை எடுத்துடுங்க. எல்லாரையும் கீழ இறக்கிடுவோம்.”

நான் எடுக்கவில்லை. நடுக்களத்தில் ஆடும் ஹாஃப் ஒருவனை ஸ்டாப்பர் இடத்துக்கு இறக்கினேன், இரண்டு ஃபார்வர்டும் மேலேயே நின்றார்கள். இதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் உண்மையில் பயம். முந்தைய வருடம் இதே டோர்னமென்டில் இந்தத் துணைக் கோச் அண்ணன் சொன்னபடி எல்லாரையும் இறக்கிப் பார்த்தவன் நான்.

அந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடலூர்க்காரர்கள். பையன்களில் பாதிப் பேர் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம். மீதிப் பேர் மஞ்சக்குப்பமும் முதுநகரும். சில்வர் பீச் மணலில் ஓடி வளர்ந்த கால்கள், மூச்சுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்திருந்தேன். பாதிக்கு 35 நிமிடம். முதல் பாதியில் 1-0 முன்னிலை. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒருவன் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினான். பின்னால் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், மேலே யாருமில்லை. முதல் ஐந்து நிமிடம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு தடவை பந்தை அடித்து வெளியேற்றியபோதும் ஓரத்தில் நின்ற அப்பாமார்கள் கை தட்டினார்கள்.

எனக்கு ஏதோ உறுத்தியது. எண்ண ஆரம்பித்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் பதினான்கு தடவை பந்தை வெளியேற்றியிருந்தோம். அதில் பதினொன்று எடுத்த கையோடு திரும்பி வந்தது. மேலே நம் ஆள் இல்லாததால் அவர்களுடைய ஸ்டாப்பர் நெஞ்சில் வாங்கி, கீழே வைத்து, நிதானமாகப் பார்த்து மறுபடியும் அனுப்பினான். எங்கள் லெஃப்ட் பேக் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றதைப் பார்த்ததும் ஆட்டம் போய்விட்டது என்று தெரிந்தது. கடைசி இருபது நிமிடத்தில் மூன்று கோல். 1-3.

திரும்பும் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிருமாம்பாக்கம் வந்தபோது எங்கள் கோலி (கோல்கீப்பர்) கேட்டான்: “சார், பந்து ஏன் சார் திரும்பத் திரும்ப நம்மகிட்டயே வந்துச்சு?”

அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த அலசலே அந்தக் கேள்விக்குத்தான்.

இறங்கி அடைப்பதன் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. டிஃபென்ஸுக்குப் பின்னால் இடம் இருக்காது, பந்தை நீளமாகத் தூக்கிப் போட்டு ஓடவிட முடியாது, தடுத்து நிற்பது பையன்களுக்கும் எளிதாகப் புரியும். முன்னிலையில் இருந்து, மிச்சம் பத்து நிமிடம்தான் என்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடுவேன். அதில் விவாதமே இல்லை. மிச்சம் ஐம்பது நிமிடம் இருக்கும்போதுதான் சிக்கல்.

முதலில் தலைக்கணக்கு. கோலியை விட்டுவிட்டால் நமக்கு ஒன்பது பேர், அவர்களுக்குப் பத்துப் பேர். நாம் மேலே ஒருவனை விட்டால், அவனைக் கவனிக்க அவர்கள் இரண்டு பேரை விடுவார்கள். எந்தக் கோச்சும் கடைசி ஆளைத் தனியாக விடுவதில்லை. இரண்டு பேரை விட்டால் மூன்று பேரை விடுவார்கள். ஆக, மேலே ஒருவன் நின்றால் கீழே எட்டுக்கு எட்டு. இரண்டு பேர் நின்றால் ஏழுக்கு ஏழு. ஒருவருமே நிற்காவிட்டால் ஒன்பதுக்கு ஒன்பது, சில சமயம் ஒன்பதுக்குப் பத்து. ஃபார்வர்டைக் கீழே கொண்டுவந்தால் ஒரு ஆள் கூடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் அவன் தன்னோடு எதிரணிக்காரன் ஒருவனையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறான். கூடுவது ஆள் இல்லை, நெரிசல்தான். நெரிசலும் தடுப்புக்கு உதவும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை.

ஆனால் என்னைத் திருப்பியது இந்தக் கணக்கு இல்லை, மூச்சு. பைக் வாங்குகிறவன் விலையைப் பார்த்துவிட்டு மைலேஜைப் பார்க்காமல் வந்தால் எப்படியோ, அப்படித்தான் இறங்கி ஆடுவதும். வாங்கும்போது மலிவு, ஓட்ட ஓட்டத்தான் செலவு தெரியும்.

பந்து நம்மிடம் இல்லாமல் கீழே நிற்பது ஓய்வு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நிற்பவனிடம் கேட்டால் தெரியும். பந்து வலது ஓரத்துக்குப் போனால் ஒன்பது பேரும் வலதுபக்கம் நகர வேண்டும். அங்கிருந்து இடது ஓரத்துக்கு மாற்றினால் ஒன்பது பேரும் இடதுபக்கம். பந்தை அனுப்புகிறவனுக்கு ஒரு உதை, நமக்குப் பதினைந்து இருபது மீட்டர் ஓட்டம். அதுவும் நேர் ஓட்டம் இல்லை. பக்கவாட்டில், பாதி திரும்பி, கண்ணைப் பந்தில் வைத்துக்கொண்டு ஓடும் ஓட்டம். தொடை அதில்தான் போகும். எப்போது திரும்புவது என்பதும் நம் கையில் இல்லை. மே மாதம், மாலை நான்கு மணி, கடல் காற்று இன்னும் எழும்பவில்லை, காலுக்குக் கீழே புல் பாதி புழுதி பாதி. நாற்பதாவது நிமிடத்தில் தண்ணீர் பாட்டிலுக்காக ஓரத்துக்கு வந்தவன் குடிக்கவில்லை, தலையில் ஊற்றிக்கொண்டு நின்றான்.

பந்து நம்மிடம் இருந்தால், அல்லது அவர்களுடைய பாதியில் இருந்தால், பின்னால் நிற்கும் நான்கு பேருக்கு மூச்சு விட இருபது நொடி கிடைக்கும். மேலே நிற்கிற ஃபார்வர்டு கோல் போடாவிட்டால்கூடப் பரவாயில்லை. பந்தை முதுகு காட்டி வாங்கி, ஒரு ஃபவுல் வாங்கினால் போதும். ஒரு த்ரோ கிடைத்தால் போதும். அதைத்தான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏறி ஆடுவது கோலுக்காக மட்டும் இல்லை, கீழே நிற்கிறவனின் மூச்சுக்காகவும்தான்.

பெரிய அணிகளுக்கு இந்தச் செலவை ஈடுகட்ட வழி இருக்கிறது. பிரீமியர் லீக்கில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம், ஐந்து பேரும் தரமானவர்கள். என்னிடம் பெஞ்சில் மூன்று பேர், அதில் ஒருவனின் கணுக்காலில் க்ரேப் பேண்டேஜ். தொலைக்காட்சியில் பார்த்த தந்திரத்தை நம் ஊர் மைதானத்தில் வைக்கும்போது பலர் மறக்கும் இடம் இதுதான்.

தொலைக்காட்சி என்றதும் அண்ணன் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2010 ஏப்ரல் 28. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பார்சலோனாவின் சொந்த மைதானம். இன்டர் மிலானின் தியாகோ மோட்டா 28-ஆவது நிமிடத்தில் ரெட் கார்டு வாங்கினார். இன்டர் கோச் மொரின்யோ எல்லாரையும் இறக்கினார். சாமுவேல் எட்டோ மாதிரி ஒரு ஃபார்வர்டே ஓரத்தில் பேக் வேலை பார்த்தார். 84-ஆவது நிமிடம்வரை கோல் விழவில்லை. 0-1 தோல்வி, இருந்தும் இறுதிப் போட்டிக்குப் போனார்கள். பிரமாதமான ஆட்டம்தான். ஆனால் இரண்டு ஆட்டம் கொண்ட அந்த அரையிறுதியில் முதலாவதை 3-1 என்று ஜெயித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள், ஒரு கோல் வாங்கினாலும் பாதகமில்லை. கையில் சேமிப்பு இருப்பவன் கதவை அடைத்துக்கொண்டு உட்காரலாம். 0-0-இல் நிற்கும் நமக்கு அந்த வசதி ஏது?

அதே எட்டோவை 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் எதிர்ப்பக்கம் பாருங்கள். பாரிஸில் ஆர்சனலின் கோலி லேமன் 18-ஆவது நிமிடத்தில் வெளியேறினார். சோல் கேம்ப்பெல் தலையால் முட்டி 1-0 ஆக்கினார், 76-ஆவது நிமிடம்வரை தாக்குப்பிடித்தார்கள். அப்போது பார்சலோனாவுக்கு ஆடிய எட்டோ சமன் செய்தார், ஐந்து நிமிடத்துக்குள் அதே அணியின் பெலெட்டி இன்னொன்று. திறமை திடீரென்று எங்கே போகும்? ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு ஆள் குறைவாக ஓடிய கால்கள்.

என் கட்சிக்கு நான் வைத்திருப்பது 2023 ஆகஸ்ட், நியூகாசில் மைதானத்தில் லிவர்பூல். 0-1 பின்தங்கியிருந்தபோது 28-ஆவது நிமிடத்தில் வான் டைக்குக்கு ரெட் கார்டு. லிவர்பூல் கோச் க்ளாப் ஆட்டத்தைக் கைகழுவவில்லை. 77-ஆவது நிமிடத்தில் டார்வின் நூன்யெஸ் என்ற ஃபார்வர்டை மாற்று ஆளாக உள்ளே அனுப்பினார். அவர் 81-இல் ஒன்று, காயத்துக்கான கூடுதல் நேரத்தில் ஒன்று. 2-1. கோலி அலிஸன் நடுவில் ஒரு பந்தை அபாரமாகத் தடுத்திருக்காவிட்டால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

சரி, ஏறி ஆடுவதற்கு எல்லை இல்லையா? இருக்கிறது. அதை நான் பார்த்தது 2023 நவம்பர் 7 அதிகாலை ஒன்றரை மணிக்கு. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. லண்டனில் டாட்டன்ஹாம், செல்சி. டாட்டன்ஹாம் கோச் ஆஞ்ச் போஸ்டெகோக்லுவின் அணி அந்த சீசனில் அதுவரை லீக்கில் தோற்றதே இல்லை. ஆறாவது நிமிடத்திலேயே 1-0. 33-இல் அவர்களுடைய ரொமேரோவுக்கு ரெட் கார்டு, அதோடு பெனால்டி, 1-1. டிஃபென்ஸிலேயே வேகமான ஆள் வான் டி வென், முதல் பாதியிலேயே காயத்தோடு போனார். 55-இல் உடோகியும் அட்டை வாங்கி வெளியே. ஒன்பது பேர். மனுஷன் அப்போதும் டிஃபென்ஸை நடுக்கோட்டில் நிறுத்தினார்! தூக்கம் பறந்துவிட்டது.

இருபது நிமிடம் அது வேலை செய்தது. செல்சிக்காரர்கள் ஆஃப்சைடில், அதாவது பந்து வரும் முன்பே டிஃபென்ஸைத் தாண்டி நின்ற தவறில், மாட்டினார்கள், கோலி விக்காரியோ பெட்டிக்கு வெளியே ஓடி வந்து பந்தை அடித்தார். 75-இல் நிக்கோலஸ் ஜாக்சன் கோல் போட்டார், கூடுதல் நேரத்தில் இன்னும் இரண்டு. 1-4. ஐந்து பேர் மிஞ்சினாலும் இப்படித்தான் ஆடுவோம் என்றார் கோச், ஆட்டம் முடிந்த பிறகு.

அந்த அணி எங்கே உடைந்தது என்பதைப் பலர் டிஃபென்ஸ் கோட்டில் தேடினார்கள். நான் கோட்டுக்கு முன்னால் பார்க்கச் சொல்வேன். டிஃபென்ஸை மேலே நிறுத்தலாம், பந்து வைத்திருப்பவன் மேல் ஒருவன் பாய்ந்துகொண்டே இருந்தால். தலை தூக்கிப் பார்க்க அவனுக்கு ஒரு நொடி கிடைத்துவிட்டால் பந்து நம் தலைக்கு மேல் போய்விடும். அதிலும், தன் சொந்தப் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடே கிடையாது. டிஃபென்ஸ் நடுக்கோட்டில் இருந்தால் அவன் அங்கிருந்தே ஓட்டத்தைத் தொடங்கலாம். பத்துப் பேர் இருக்கும்போது பின்னால் நான்கு பேர் போக முன்னால் ஐந்து பேர், பாய ஆள் உண்டு. ஒன்பதாகும்போது நான்கு பேர்தான். பத்துப் பேர் சுற்றி நின்று பந்தை உருட்டும்போது நான்கு பேர் யார் மேல் பாய்வது?

இன்னொன்று: அதே போஸ்டெகோக்லு 2025 மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் 42-ஆவது நிமிடத்தில் கிடைத்த ஒரு கோலை வைத்துக்கொண்டு, பதினொரு பேர் இருந்தும் ஷட்டரை இறக்கிவிட்டார். மான்செஸ்டர் யுனைடெட் முட்டி மோதியும் 1-0. கோப்பை வந்தது. லீக்கில் 17-ஆவது இடம் என்பதால் அடுத்த மாதமே வேலையும் போனது. கால்பந்து கோச் வேலைக்குப் பெண் கொடுக்க யோசிப்பது நியாயம்தான்.

எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். இரண்டு பேரை மேலே விட்டதற்குப் பலன் இருந்தது. 31-ஆவது நிமிடத்தில் ஃபார்வர்டு வாங்கிக் கொடுத்த ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். பிறகு டிஃபென்ஸுக்குப் பின்னால் போட்ட பந்தில் ஒன்று வாங்கினோம். இறங்கி நின்றிருந்தால் அது விழுந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்று வாங்கினோம். 66-ஆவது நிமிடத்தில், மற்ற அணி கால் தளர்ந்து நடந்தபோது, எங்கள் லெஃப்ட் பேக் கீழிருந்து ஓடி வந்து 2-2 ஆக்கினான். முந்தைய வருடம் முழங்காலில் கை ஊன்றி நின்ற அதே பையன். டை பிரேக்கரில் 3-4 என்று தோற்றோம்.

ஆக, நான் பரிந்துரைக்கும் வழியில் போயும் வீட்டுக்குத்தான் வந்தோம். ஒரே டோர்னமென்டில் இரண்டு ஆட்டத்தை வைத்துச் சட்டம் போட முடியாது என்பதும் தெரியும். எதிரணிகளும் வேறு வேறு. பெண்கள் ஆட்டத்தில் இது எப்படி என்று எனக்கு அனுபவம் இல்லை. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் வந்த ஊர் இது, அந்தப் பக்கம் பயிற்சி தருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்பது பேரோடு நான் ஒருமுறைகூட நின்றதில்லை. நின்றால் ஒருவனை மட்டும் மேலே விட்டு மற்றவர்களை இறக்குவேன் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

அண்ணனோடு வழக்கு இன்னும் முடியவில்லை. போன வாரம் மஞ்சக்குப்பத்தில் டீக்கடையில் மறுபடியும் ஆரம்பித்தார். “கீழ இறக்கியிருந்தா 0-0ல முடிஞ்சு அதே டை பிரேக்கருக்குத்தான் வந்திருப்போம் மாஸ்டர். பசங்களுக்குக் கால்வலியாவது மிச்சமாயிருக்கும்.”

“கால்வலி எதுலண்ணே அதிகம்? அதத்தான் நானும் ஒரு வருஷமா கேக்குறேன்” என்றேன். அவர் லெஃப்ட் பேக்கைக் கூப்பிட்டுக் கேட்போம் என்றார். பையன் ட்யூஷனுக்குப் போயிருந்தான்.