மீட்டர் காட்டி விற்கப்படும் ‘1959’ பிக்கப்புகள்: கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எலெக்ட்ரிக் கிட்டாரில் பழைய ப்ளூஸ்-ராக் ஒலியைக் கொண்டுவரப் பிக்கப் (தந்திகளின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காந்தச் சுருள்) மாற்ற எண்ணியிருக்கும் கோவை, திருப்பூர், ஈரோட்டு நண்பர்கள், விற்பவர் மல்டிமீட்டரை வைத்து ஓர் எண்ணைக் காட்டினால் அதையே சான்றாகக் கொண்டு பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் 17,500 ரூபாய்க்கு எனக்கு விற்கப்பட்ட ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்) ஜோடியில் அந்த எண் மட்டும்தான் சரியாக இருந்தது.

கிப்சன் நிறுவனத்துக்காக சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கோரப்பட்டு, 1959இல் அது வழங்கப்பட்டது. ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ (Patent Applied For) என்ற சிறிய கறுப்பு ஒட்டுச்சீட்டு 1957 முதல் ஏறக்குறைய 1962 வரை அதன் அடித்தகட்டில் ஒட்டப்பட்டதால், அந்தக் காலத்துப் பிக்கப்புகளை இன்றும் பி.ஏ.எஃப். என்றே அழைக்கிறோம். 1966இல் எரிக் கிளாப்டன் கிப்சனின் லெஸ்பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்த ஒலி இந்த வகைப் பிக்கப்பிலிருந்து வந்ததுதான். அவற்றில் 42 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிப்பின் அளவுமுறை) எனாமல் கம்பியும் அல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தமும் இருக்கும். மின்தடை பெரும்பாலும் 7.5 முதல் 8.5 கிலோ ஓமுக்குள் நிற்கும். இரண்டு காயில்களின் சுற்றுகளும் துல்லியமாகச் சமமாக இருக்காது. அந்தக் கரடுமுரடான ஒழுங்கின்மையே அதன் அழகு என்பது என் கருத்து. இந்த அளவுகளில் செய்யப்பட்ட மாற்றுப் பிக்கப்புகள்தாம் வேண்டும் என்றும், காந்தம் அல்னிக்கோ 2 ரகமாக இருக்க வேண்டும் என்றும் கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் உள்ளேயிருந்து ஒரு ஜோடியை எடுத்து வந்தார். அடித்தகட்டில் அதே கறுப்பு ஒட்டுச்சீட்டு, மேலே நிக்கல் பூசிய மூடி. “1959 ஸ்பெக்குங்க, நீங்களே பாருங்க” என்று மல்டிமீட்டரை என் பக்கம் திருப்பினார், அது 8.2 கிலோ ஓம் காட்டியது. பொருத்தித் தருவதாகச் சொல்லிக் கிட்டாரை வாங்கிக்கொண்டவர், கழற்றிய பழைய பிக்கப்புகளைக் கேட்டபோது “அது எதுக்குங்க உங்களுக்கு, இங்கயே கெடக்கட்டும்” என்றார். ரசீது என்ற பெயரில் ‘பிக்கப் செட், 17,500’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு கிடைத்தது.

அந்த 8.2 என்ற எண் எதையும் மெய்ப்பிப்பதில்லை. கம்பியின் தடிப்பைக் குறைத்தால் குறைந்த சுற்றுகளிலேயே அதே மின்தடை வந்துவிடும். காந்தம் எது என்பதை மின்தடை சொல்லவே சொல்லாது. போதாக்குறைக்கு, செம்பின் மின்தடை வெப்பத்தோடு ஏறும் என்பதால், 20 டிகிரியில் 8 கிலோ ஓம் இருக்கும் பிக்கப் நம் ஊரின் 36 டிகிரி மதியத்தில் ஏறக்குறைய 8.5 காட்டும். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தைக் காட்டி எவரேனும் பேசினால் அதற்கு மதிப்பளிக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆம்பில் செருகியதும் சந்தேகம் எழுந்தது. பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாலத்தை ஒட்டிய) பிக்கப் கூர்மையாகக் காதைக் குத்தியது. வால்யூம் குமிழைக் குறைத்தால் ஒலி தெளிய வேண்டும், ஆனால் அதே முரட்டுத்தனத்தோடு சிறுத்துப்போனது. நெக் (கிட்டாரின் கழுத்தை ஒட்டிய) பிக்கப்பில் உச்ச சுரங்கள் மங்கியிருந்தன. ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தபோது அடிநாதம் முழுவதும் காணாமல் போய் மூக்கடைத்த ஒலி மட்டும் எஞ்சியது. இரண்டு பிக்கப்புகளும் ஒன்றையொன்று அழிக்கும்படி எதிர்க் கட்டத்தில் (அவுட் ஆஃப் ஃபேஸ்) இருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

கடைக்குத் திரும்பச் சென்று இதைச் சொன்னபோது கிடைத்த பதிலை எழுதாமல் இருக்க முடியவில்லை. “அது பீட்டர் கிரீன் டோனுங்க. அதுக்குன்னே தேடி அலையறாங்க!” ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ்பாலில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததும், அதனால் நடு நிலையில் அந்த வினோதமான ஒலி வந்ததும் உண்மைதான். பிழையாக வந்த சரக்கை ஒரு மேதையின் பெயரால் விற்க முனைந்த அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இந்த ஜோடியில் சிக்கல் என்னவென்றால், வெளி வலையே தரை இணைப்பாக வரும் பழைய பாணிக் கம்பி என்பதால் இரு முனைகளையும் மாற்றிச் சால்டர் செய்து சரிக்கட்ட முடியாது. அப்படிச் செய்தால் உலோக மூடியே மின்குறி ஏந்தி இரைச்சலிடும். மூடியைக் கழற்றி ஒரு பிக்கப்பின் காந்தத்தைத் திருப்புவதே வழி. அதற்குக் கடைக்காரர் தனிக் கட்டணம் கேட்டார்.

கோவை கணபதி பகுதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும், எனக்கு நெடுநாள் பழக்கமான பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். பம்ப்செட்டுகளுக்குக் கம்பி சுற்றியே கை பழகிய அவர் கிட்டாரைத் தொட்டதில்லை. ஆனால் எனாமல் கம்பியும் காந்தமும் அவருக்குப் புதியவை அல்ல. மூடியின் சால்டரை உருக்கிப் பிரித்து, அடியில் உள்ள திருகுகளைத் தளர்த்தி, காந்தத்தை வெளியே தள்ளினார். கரிய, வழவழப்பான கட்டி. அதன் இரு முனைகளிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தார், மின்சாரம் கடந்தால் எழ வேண்டிய ஒலி எழவில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகமாகிய அல்னிக்கோ மின்சாரத்தைக் கடத்தும்; பீங்கான் வகையான ஃபெர்ரைட் கடத்தாது. மூடியின் உட்புறத்தை அரத்தால் தேய்த்ததும் மஞ்சள் தெரிந்தது. பழைய பி.ஏ.எஃப். மூடிகளில் இருந்தது ஜெர்மன் சில்வர் என்ற செம்பு-நிக்கல் கலவை. பித்தளை மூடி அதைவிட நன்றாக மின்சாரம் கடத்துவதால் சுழல் மின்னோட்டம் கூடி, உச்ச ஒலிகள் மழுங்குகின்றன. பெரியவர் கம்பி நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “தம்பி, தலைமுடியாட்டம் இருக்குது, இதுக்கா பதினேழாயிரம் குடுத்தீங்க?” என்றார். நல்ல பி.ஏ.எஃப். வகையிலும் கம்பி முடி போலத்தான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பீங்கான் காந்தம் இழிவானது என்று நான் சொல்லவில்லை. கனமான மெட்டல் இசைக்கு அதையே விரும்பி வாங்குவோர் உண்டு. அல்னிக்கோ 2இன் விலைக்கு அல்னிக்கோ 2 என்று சொல்லி அதை விற்றதே குற்றம்.

வாங்கப் போகிறவர்கள், மூடியில்லாத பிக்கப்பாகவோ, பணம் கொடுக்குமுன் கடையிலேயே மூடி திறந்து காட்டப்படுவதாகவோ கேளுங்கள். காந்தத்தின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வார்த்தபடியே மெருகேற்றாமல் விட்ட அல்னிக்கோவும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் என்பதால் ஓரிடத்தில் சுரண்டிவிட்டு மீட்டரை வையுங்கள். மெழுகு தெரிந்தால் மிரள வேண்டாம். மூலப் பிக்கப்புகளில் அது இல்லையென்றாலும், பெரிய ஒலியில் கீச்சிடாமலிருக்க இன்று பலரும் தோய்க்கிறார்கள். பொருத்தும்போது வால்யூம், டோன் குமிழ்களுக்கு 500 கே (கிலோ ஓம்) பொட்டன்ஷியோமீட்டர்களைத்தான் போடுகிறார்களா என்று பாருங்கள். சிங்கிள் காயிலுக்குரிய 250 கே போட்டால் எவ்வளவு நல்ல ஹம்பக்கரும் கம்பளி போர்த்தியதாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜி.எஸ்.டி. பில்லில் காந்தத்தின் வகையையும் கம்பியின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் அந்தச் சரக்கு இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு கடையிலிருந்து அழைத்துப் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள்; முழுத் தொகையும், அவர்கள் வைத்துக்கொண்ட என் பழைய பிக்கப்புகளும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பழையவை விற்றுப்போய்விட்டனவாம். யாருக்கு விற்றார்கள் என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை.