ஜிஆர்எல்லா, ஜேஜிஆரா?

புவி இயற்பியலில் முதல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் திண்டாடும் கேள்வி இது. ஜிஆர்எல் (ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ்), ஜேஜிஆர் (ஜர்னல் ஆஃப் ஜியோபிசிக்கல் ரிசர்ச்) இரண்டுமே அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆய்விதழ்கள்தான்.

நீளம்
ஜிஆர்எல்: 12 அலகு. ஓர் அலகு என்பது 500 சொல் அல்லது ஒரு படம். ஆறு படம் போட்டால் 3,000 சொல்தான் மிச்சம்.
ஜேஜிஆர்: 25 அலகு வரை தாராளம்.

செலவு
ஜிஆர்எல்: 2023 முதல் முழுக்கத் திறந்த இதழ், யாரும் இலவசமாகப் படிக்கலாம். கட்டணத்தை நாமோ நிறுவனமோ கட்ட வேண்டும்.
ஜேஜிஆர்: சந்தா வழியும் உண்டு, அதில் பணம் கட்டுவது படிப்பவர் தரப்பு. நிதி இல்லாதவருக்கு அதுதான் கதி.

தாக்கம்
ஜிஆர்எல் கட்டுரையைச் சட்டென்று படித்துவிடுவார்கள். ஆனால் நில அதிர்வு வேக மாதிரியின் (நிலத்துக்குள் எங்கே அதிர்வலை எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதன்) அட்டவணை துணைக்கோப்புக்குப் போய்விடும். அதை யார் திறக்கிறார்கள்? ஜேஜிஆரில் அது கட்டுரைக்குள்ளேயே இருக்கும். பின்னால் வருபவர் அதை எடுத்துப் பயன்படுத்துவார், மேற்கோளும் காட்டுவார்.

ஜேஜிஆர் என்றால் தாமதமாகுமோ என்று பயமா? புவித்தட்டுகள் நகர்வதைப் பற்றிப் புவி இயற்பியலாளர் ஜேசன் மோர்கன் 1967 ஏப்ரலில் பேசினார். அவருடைய நீண்ட ஜேஜிஆர் கட்டுரை வந்தது 1968 மார்ச்சில். அதற்குள் 1967 டிசம்பரில் மெக்கன்சி, பார்க்கர் என்ற இருவர் அதே கருத்தை நேச்சர் இதழில் சுருக்கமாக எழுதிவிட்டார்கள். இன்று இரண்டுக்கும் பெயர் உண்டு. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதம் மோர்கனுக்கு எப்படி இருந்திருக்கும்!

போன மாத நிலநடுக்கம், ஒரே ஒரு புதுச் செய்தி என்றால் ஜிஆர்எல். மூன்றாண்டுத் தரவு, புது முறை என்றால் யோசிக்காமல் ஜேஜிஆர்.