பிளக்கை மாற்றி விற்கப்படும் பழைய ரயில் மோட்டார்கள்: ஓர் எச்சரிக்கை

லெகோ கட்டைகளைக் கொண்டு ரயில் இன்ஜின்களை ஓடும் மாதிரிகளாகக் கட்டும் நண்பர்கள், தனியாரிடம் மோட்டார் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

நான் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினை எட்டு ஸ்டட் (கட்டையின் மேலுள்ள குமிழ்) அகலத்தில் கட்டி வருகிறேன். அதன் இரண்டு போகிகளிலும் (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) மும்மூன்று அச்சுகள் உண்டு. லெகோ ரயில் மோட்டாரிலோ இரண்டு அச்சுகள்தான். மூன்றாவதை நாமே சேர்த்து, 40 ஸ்டட் ஆரமுள்ள வளைவில் அது பக்கவாட்டில் சற்று நகர இடமும் விட வேண்டும். இந்த வேலையிலேயே இரண்டு மாதம் போய்விட்டதால் மோட்டார் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். "பவர்டு அப் வகை, பயன்படுத்தாதது, பெட்டி மட்டும் இல்லை" என்ற விளம்பரத்தை நம்பி (பவர்டு அப் என்பது லெகோ மோட்டார்களின் புதிய வகை), இரண்டு மோட்டார்களுக்கு 7,000 ரூபாயை யுபிஐ மூலம் முன்பணமாகவே அனுப்பினேன்.

பார்சல் வந்த அன்று மாலை, ஹப்பில் (மோட்டாருக்கு மின்சாரம் தந்து இயக்கும் பேட்டரிப் பெட்டி) செருகியபோது அதன் விளக்கு எரிந்தது. கைபேசிச் செயலியோ மோட்டார் இருப்பதாகவே காட்டவில்லை. பேட்டரிகளை மாற்றியும், அடுத்த மோட்டாரைச் செருகியும் பலனில்லாமல் போன பிறகுதான் வயரை உற்றுப் பார்த்தேன். பிளக்கை ஒட்டிய துண்டில் ஆறு இழைகள் வரிவரியாகத் தெரிந்தன. பிறகு ஓர் அங்குலத்துக்குக் கறுப்பு உறை. அதற்கப்பால் நான்கே இழைகள். உறையைக் கீறினால், உள்ளே இரண்டு இழைகளை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மற்றவற்றை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். 2018-இல் பவர்டு அப் வருவதற்கு முன்பிருந்த பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார்களுக்குத்தான் நான்கு இழை. புதிய வகையின் ஆறில் இரண்டு, செருகியிருப்பது எந்தச் சாதனம் என்று ஹப்புக்குத் தெரிவிப்பதற்கென்றே உள்ளவை; அவை இணையாவிட்டால், ஹப்பைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே செருகப்படவில்லை.

படம் எடுத்து அனுப்பியதும், "உங்க ஹப்லதான் கோளாறு சார்" என்றார் விற்றவர். பிறகு பார்சலைப் பிரித்த வீடியோவைக் கேட்டார். (பொம்மை ரயில் மோட்டாரைப் பிரிப்பதை யார் வீடியோ எடுக்கிறார்கள்?) இல்லை என்றதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இதுவரை வரவில்லை.

வயரின் முழு நீளமும் தெரியும் படத்தையும், ஹப்பில் செருகி மோட்டார் ஓடும் வீடியோவையும் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். எனக்கு வந்த மூன்று படங்களும் பிளக்கை மட்டுமே நெருக்கத்தில் காட்டின. அது தற்செயல் என்று இப்போது நான் நினைக்கவில்லை.

மோட்டார்கள் கெட்டுப்போனவையும் அல்ல. 9 வோல்ட் பேட்டரியின் முனைகளில் அந்த இரண்டு இழைகளைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சத்தமின்றிச் சுழல்கின்றன. பழைய வகை என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், பாதி விலைக்கு நானே வாங்கியிருப்பேன்.